முன்னச்சும் திருப்பு சக்கரமும்

தொண்டை நாட்டின் பழம்பெரும் ஊர்களுள் ஒன்று திருப்பெரும்புதூர். இராமாநுசர் தோன்றிய ஊர் என்னும் பெருமை உடையது அது. அங்கே சித்திரைத் திங்களில் தேர்த் திருவிழா நடைபெறும். தேர் நேர்த்தெருவில் செல்லும்போது வடம் பிடிப்போரின் வலிமையே போதுமானது. தெருவின் மூலைக்கு வந்ததும் நிலைமை மாறிவிடுகிறது. முட்டுக்கட்டை ஏந்தியோர் சக்கரங்களின் அருகே குனிகின்றனர். ஒரு பக்கத்துச் சக்கரத்திற்குக் கட்டையிட்டு அதன் ஓட்டத்தைத் தடுக்கின்றனர். மறுபக்கத்துச் சக்கரம் மட்டும் முன்னேற, தேர் சிறிது சிறிதாகத் திரும்புகிறது. அவ்வாறு திரும்பும்போது சக்கரங்கள் உருளுவதோடு நில்லாமல் தரையை அரைத்துக்கொண்டே நகர்கின்றன. தேரின் அச்சுகள் திரும்பாதவை. ஆதலின் வேறு வழி இல்லை.

அதே ஊரைச் சுற்றி இக்காலத்தில் வேறு வகைத் தேர்கள் உருவாகின்றன. இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு முதல் ஹூண்டாய் கார்கள் வெளிவருகின்றன. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிசான் கூட்டுத் தொழிற்சாலையும், 2012இல் பாரத்பென்ஸ் சரக்கு வண்டிகளைச் செய்யும் டைம்லர் தொழிற்சாலையும் தொடங்கப்பெற்றன. அங்கிருந்து வெளிவரும் காரை ஒரு சிறுமியும் இரு விரல்களால் திருப்பிவிடலாம். இப்புதிய வண்டிகளுக்கு இடையே, அரை நூற்றாண்டுக்கு முன் பிறந்த சிறு சரக்கு வண்டி ஒன்று குலுங்கிக் குலுங்கி ஓடுவதையும் சில வேளைகளில் காணலாம். அதன் உடையவர்க்கு அதன்மேல் பற்று மிகுதி. ஆயினும், பெரிய திருப்பு சக்கரத்தைத் தோள் வலிக்கச் சுழற்றும்போதும், பள்ளத்தில் விழுந்த முன்சக்கரம் கையை உதறும்போதும், ‘இதன் முன்பகுதியை மட்டும் புதிய முறைக்கு மாற்றிவிட்டால் என்ன?’ என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றாமல் இராது. அவ்வெண்ணம் எளிது; செயலோ அத்துணை எளிதன்று. முன்சக்கரங்களைத் தாங்கும் வில்லும் அவற்றைத் திருப்பும் தண்டும் பார்வைக்கு இரு வேறு பொருள்கள். உண்மையில், ஒன்றைத் தொட்டவர் மற்றொன்றையும் தொட்டவரே ஆவார்.

மாட்டு வண்டிக்குத் திருப்பும் கருவி தேவையில்லை. ஒரே அச்சில் இரு சக்கரங்கள். நுகத்தடியில் பூட்டிய மாடுகள் திரும்பினால் வண்டியும் திரும்பும். உள் சக்கரம் மெதுவாகவும் வெளிச் சக்கரம் விரைவாகவும் சுழலும். தரையில் உராய்வு இல்லை. நான்கு சக்கரங்கள் வந்ததும் தொல்லை தொடங்கியது. மேலைநாட்டுக் குதிரை வண்டிகளில் முன் அச்சு முழுவதும் நடுவிலுள்ள ஒரு முளையின் மேல் திரும்பிற்று. அச்சு மிகத் திரும்பினால் வண்டியின் தாங்குதளம் குறுகிப்போகும், வண்டி கவிழும். மூனிக் நகரத்து வண்டித் தச்சர் லாங்கன்ஸ்பெர்கர் என்பவர் இதற்கு 1817ஆம் ஆண்டில் ஒரு தீர்வு கண்டார். அச்சு அசையாமல் நிற்கும். அதன் இரு முனைகளிலும் தனித்தனி முளைகள் இருக்கும். ஒவ்வொரு சக்கரமும் தன் முளையின்மேல் திரும்பும். அடுத்த ஆண்டில் அவருடைய முகவராகிய அக்கர்மன் என்பவர் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை பெற்றார். கண்டவர் பெயர் மறைய, பதிவு செய்தவர் பெயரே நிலைத்துவிட்டது. இன்றும் உலகெங்கும் அது அக்கர்மன் முறை என்றே வழங்குகிறது.

இம்முறையில் நுட்பமான ஓர் உண்மை அடங்கியுள்ளது. திரும்பும்போது இரு முன்சக்கரங்களும் ஒரே அளவு திரும்புதல் கூடாது. முன் பின் அச்சுகளுக்கு இடையே 2.5 மீட்டரும், இடவலச் சக்கரங்களுக்கு இடையே 1.25 மீட்டரும் உடைய ஒரு வண்டியை எடுத்துக்கொள்ளலாம். அதன் உட்புறப் பின்சக்கரம் 5 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் ஓடினால், உட்புற முன்சக்கரம் ஏறத்தாழ 27 பாகையும், வெளிப்புற முன்சக்கரம் ஏறத்தாழ 22 பாகையும் திரும்பியிருக்க வேண்டும். இந்த ஐந்து பாகை வேறுபாடு இல்லையேல், தேர்ச்சக்கரத்தைப் போலவே வண்டியின் சக்கரமும் தரையை அரைக்கும். டயர் விரைவில் தேயும். சக்கரங்களை இணைக்கும் குறுக்குத் தண்டின் இரு முனைக் கைகளையும் சிறிது சாய்வாக அமைப்பதனாலேயே இவ்வேறுபாடு தானாக உண்டாகிறது. அக்குறுக்குத் தண்டையே பட்டறைகளில் டை ராடு என்பர்.

இனி, பழைய சரக்கு வண்டியின் முன்பகுதியைக் காண்போர்க்கு அங்கே பெரும் சிக்கல் எதுவும் தோன்றாது. வண்டியின் அகலம் முழுவதும் செல்லும் ஒரே இரும்பு அச்சு. அதன்மேல் இருபுறமும் பட்டை வில்கள். நீண்ட பட்டையின் கீழ்க் குறுகிய பட்டைகள் அடுக்கடுக்காய் அமைந்திருப்பது பட்டை வில். அதன் ஒரு முனை வண்டியின் அடிச்சட்டத்தோடு அசையாத முளையில் பூட்டப்பட்டிருக்கும். பட்டை வளையும்போது நீளம் மாறுமாதலால், மறுமுனை ஊசலாடும் ஒரு சிறு இணைப்பில் தொங்கும். அச்சின் முனைகளில் கிங் பின் என்னும் செங்குத்து முளைகள். திருப்பு சக்கரத்தின் தண்டு ஒரு பெட்டிக்குள் செல்லும். அங்கே திருகுப்பல் ஒன்று அதன் சுழற்சியைக் குறைத்து வலிமையைப் பெருக்கும். பெட்டியிலிருந்து இறங்கும் கை ஒரு நீண்ட தண்டைத் தள்ளவோ இழுக்கவோ செய்யும். அத்தண்டு சக்கரத்தைத் திருப்பும். ஜீப்பில் இதற்கு இடையே மேலும் ஒரு மூலைக்கை உண்டு. இணைப்பு எத்தனையோ, தேய்மானத்திற்கு இடம் அத்தனை.

இவ்வமைப்பை இகழ்வது தவறு. பளுவைத் தாங்குவதில் இதற்கு நிகர் இல்லை. அச்சைத் தாங்குவது, அதனை முன்பின் நகராமல் நிறுத்துவது, தடை பிடிக்கும்போது முறுக்கத்தை ஏற்பது ஆகிய மூன்று தொழில்களையும் பட்டை வில் ஒன்றே செய்துவிடுகிறது. ஒரகடத்தில் உருவாகும் பெரும் சரக்கு வண்டிகளின் முன்புறத்தில் இன்றும் ஒற்றை அச்சும் பட்டை வில்லுமே உள்ளன. அங்குள்ள பொறியாளர்க்குப் புதிய முறை தெரியாமல் இல்லை. சுமக்க வேண்டிய சுமையே அதனைத் தேர்ந்தெடுக்கிறது.

விரைவு மிகும்போதுதான் ஒற்றை அச்சின் குறை வெளிப்படும். ஒரு சக்கரம் கல்லின்மேல் ஏறினால் அச்சு சாய்கிறது. அச்சு சாய்ந்தால் மற்றைச் சக்கரமும் சாய்கிறது. இங்கே பம்பரத்தின் இயல்பு புகுந்துகொள்கிறது. சுழலும் பம்பரத்தை ஒரு பக்கம் சாய்க்க முயன்றால், அது அப்பக்கம் சாயாமல் குறுக்கே விலகும் என்பதைப் பம்பரம் விட்ட சிறுவர் அனைவரும் அறிவர். சுழலும் சக்கரமும் அத்தகையதே. சாய்த்தால் அது திரும்பும். திரும்பினால் மீண்டும் சாயும். இரு சக்கரங்களும் இவ்வாறு மாறி மாறி ஆடத் தொடங்கின், திருப்பு சக்கரம் ஓட்டுநரின் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு துடிக்கும். கிங் பின்னும் புஷ்களும் தேய்ந்த வண்டியில் இவ்வாட்டம் எளிதில் எழும். வண்டியை ஏறக்குறைய நிறுத்தினாலன்றி அடங்காது.

அமெரிக்காவில் 1930ஆம் ஆண்டையொட்டி இக்குறை பெரிதாயிற்று. சாலைகள் செம்மையாயின, வேகம் கூடிற்று, முன்சக்கரங்களுக்கும் தடை பொருத்தப்பட்டதால் அவற்றின் எடையும் மிகுந்தது. அக்காலத்தில் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்திலிருந்து ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கேடிலாக் பிரிவுக்கு வந்த மாரிஸ் ஆலி என்னும் பொறியாளர், ஒரு பெரிய காரின் முன்னும் பின்னும் இடம் மாற்றக்கூடிய எடைகளைக் கட்டி, வில்களையும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தார். அதுவரை, ஓட்டுநர்க்குக் கட்டுப்பாடு வேண்டும் எனக் கருதி முன்வில்லை விறைப்பாகவே வைத்திருந்தனர். ஆலி கண்டதோ இதற்கு நேர்மாறானது. மேடு முதலில் முன்சக்கரத்தையும், சிறிது நேரம் கழித்துப் பின்சக்கரத்தையும் தாக்குகிறது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் 2.5 மீட்டர் இடைவெளியைக் கடக்க ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கே போதும். பின்வில் சற்று விரைவாக ஆடினால், தாமதமாகத் தொடங்கினும் அது முன்வில்லை எட்டிப் பிடித்துவிடும். வண்டி முன்னும் பின்னும் ஊசலாடாமல் மட்டமாக ஏறி இறங்கும். ஆகவே, முன்வில் பின்வில்லைவிட மென்மையாக இருத்தல் வேண்டும். ஆனால் ஒற்றை அச்சைத் தாங்கும் வில்லை மிக மென்மையாக்கினால் சக்கர ஆட்டம் பெருகும். இவ்விரு நிலைகளுக்கும் இடையே அகப்பட்ட பொறியாளர்க்கு ஒரு வழியே எஞ்சியது. அச்சை இரண்டாகப் பிரித்து, ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்து இயங்கச் செய்தனர். ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள் 1934ஆம் ஆண்டில் இவ்வமைப்புடன் வெளிவந்தன. சரக்கு வண்டிகள் நெடுங்காலம் தயங்கின. செவர்லே சிறு சரக்கு வண்டிகள் 1960இலும், ஃபோர்டு வண்டிகள் 1965இலுமே ஒற்றை அச்சைக் கைவிட்டன.

தமிழ்நாட்டில் இம்மாறுதலை அறிவதற்கு நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஒரகடம் வழியாக வாலாசாபாத்துக்குச் செல்லும் சாலை வண்டலூரில் தொடங்குகிறது. அவ்வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனத்தின் தொழிற்சாலை முன்னர் இயங்கிற்று. அங்கிருந்து 1961இல் வெளிவந்த ஹெரால்டு கார், முன்பகுதியின் சிறப்பினால் பேர்பெற்றது. ஒவ்வொரு முன்சக்கரத்தையும் மேலும் கீழுமாகக் கவை போன்ற இரு கைகள் பற்றியிருந்தன. இடையே சுருள் வில் நின்றது. திருகுப்பல் பெட்டிக்கு மாறாக, பல் வெட்டிய நீண்ட சட்டமும் அதன்மேல் உருளும் சிறு பற்சக்கரமும் சக்கரங்களைத் திருப்பின. 25 அடி விட்டமுள்ள வட்டத்தில் அவ்வண்டி திரும்பிவிடும். குறுகிய தெருவில் அதனைத் திருப்பியோர் அவ்வியப்பை நெடுநாள் பேசினர்.

அக்காரில் ஒரு நுட்பமும் உண்டு. சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடியில் திருகு வெட்டி, அதனை ஒரு வெண்கலக் கட்டையினுள் செலுத்தியிருந்தனர். சக்கரம் திரும்பும்போது அத்திருகு சுழலும். அதற்குக் கெட்டியான எண்ணெய் இடவேண்டும் என்பது விதி. கிரீஸ் இட்டால் அது திருகின் புரிகளுக்குள் செவ்வனே இறங்காது. நாளடைவில் துருவும் தேய்மானமும் ஏறித் தண்டு ஒடிந்து, சக்கரம் மடிந்து விழுவதும் உண்டு. கிரீஸ் நல்லதுதான், ஆனால் அவ்விடத்திற்கு உரியதன்று. பழைய வண்டியைப் பேணுவோர் முதலில் அவ்வண்டியின் கையேட்டைத் தேடுவதன் காரணம் இதுவே.

பழைய சரக்கு வண்டியின் முன்பகுதியை மாற்ற விழைவோர் அறியவேண்டிய முதல் உண்மை இரு வில்வட்டங்களைப் பற்றியது. கவராயத்தின் ஒரு முனையை ஊன்றி மறு முனையால் கோடு இழுத்தால் அது வளைந்தே செல்லும். ஒரு முனையில் பூட்டப்பட்டு மேலும் கீழும் ஆடும் எந்தக் கையும் அவ்வாறே வட்டத்தின் ஒரு பகுதியை வரையும். சக்கரத்தைத் தாங்கும் கவைக்கை ஒரு வட்டம் வரைகிறது. சக்கரத்தைத் திருப்பும் தண்டு மற்றொரு வட்டம் வரைகிறது. இரண்டும் ஒத்துச் சென்றால் சக்கரம் எவ்வளவு ஏறி இறங்கினும் நேரே நோக்கும். ஒவ்வாவிடில், சக்கரம் ஏறும்போது தண்டு அதனை உள்ளே இழுக்கும் அல்லது வெளியே தள்ளும். ஓட்டுநர் கையை அசைக்காதிருக்க, வண்டி தானே திரும்பும்.

இதன் தீங்கு சிறிதன்று. நேர்கோட்டிலிருந்து ஒரு பாகை விலகிய திசையில் 100 மீட்டர் செல்லும் வண்டி, பக்கவாட்டில் ஏறத்தாழ 1 மீட்டர் 75 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். நெடுஞ்சாலையில் ஒரு வரிசையின் அகலம் 3.5 மீட்டரே. மழைக்காலத்தில் பள்ளம் விழுந்த சாலையில், எதிரே பேருந்து வரும்போது, முன்சக்கரம் தானே வலப்புறம் நோக்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. பட்டறையின் மட்டமான தளத்தில் நிற்கும் வண்டியில் இக்குறை கண்ணுக்குத் தெரியாது. பளபளப்பான புதுக் கைகளும் புது வில்லும் மட்டுமே தெரியும்.

பழைய அமைப்பிலும் இவ்விதி இருந்தது. பட்டை வில்லின் அசையாத முனையும் திருப்புப் பெட்டியும் ஒரே பக்கத்தில் அமைந்தால் இரு வட்டங்களும் ஏறக்குறைய ஒத்துச் செல்லும். எதிரெதிரே அமைந்தால் மேடுதோறும் சக்கரம் திரும்பும். அக்காலத்துப் பொறியாளர் இதனை எண்ணியே இடம் குறித்தனர். வேறொரு வண்டியின் கவைக்கைகளை எடுத்துப் பொருத்திவிட்டு, பழைய நீண்ட தண்டையும் பெட்டியையும் அப்படியே வைத்திருப்பவர் அவர்களுடைய கணக்கைக் கலைத்துவிடுகிறார். கவைக்கைக்கு உரிய பற்சட்டமோ தண்டோ உரிய உயரத்திலும் உரிய நீளத்திலும் உடன் வரவேண்டும்.

சரியாக அமைந்ததா என்று அறிவதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. அடிச்சட்டத்தை உறுதியாகத் தாங்கிகளின்மேல் நிறுத்தி, சுருள் வில்லைக் கழற்றிவிட வேண்டும். சக்கரம் இருந்த இடத்தில் நேரான பலகை ஒன்றைப் பூட்டி, அதற்கு எதிரே தரையில் மற்றொரு பலகையை அசையாமல் நிறுத்த வேண்டும். ஜாக்கியால் சக்கரத்தின் நடுப்பகுதியை அடியிலிருந்து உச்சி வரை சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வொரு நிலையிலும் இரு பலகைகளின் இடைவெளியை முன் ஓரத்திலும் பின் ஓரத்திலும் அளக்க வேண்டும். இரு அளவுகளின் வேறுபாடு மாறாதிருந்தால் நன்று. மாறினால் தண்டின் உயரமோ நீளமோ பிழை.

அடிச்சட்டம் மற்றொரு கவலை. பட்டை வில் தன் பளுவை முன்னும் பின்னுமாக இரண்டு இடங்களில் பகிர்ந்து கொடுத்தது. சுருள் வில் அதனை ஒரே இடத்தில் ஊன்றுகிறது. திறந்த தகட்டு வடிவிலமைந்த பழைய சட்டம் அதற்கென்று செய்யப்படவில்லை. ஆகையால் சட்டத்தின் திறந்த பக்கத்தைத் தகடு இட்டு மூடிப் பெட்டியாக்கி, வலிய குறுக்குச் சட்டமும் பொருத்துவர். அங்கே இடப்படும் பற்றவைப்பின் ஒவ்வோர் அங்குலத்தின்மேலும் வண்டியில் இருப்போர் உயிர் நிற்கிறது. கைத்திறன் உள்ளவர் செய்யவேண்டிய பணி அது; விலை குறைவு என்று தேடுவதற்கு உரியதன்று.

இனிக் கிங் பின்னின் சாய்வு. மிதிவண்டியின் முன் கவை சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைக் காணலாம். அச்சாய்வினால் சக்கரம் தரையைத் தொடும் இடம் திருப்பு அச்சின் கோட்டிற்குப் பின்னே விழுகிறது. ஓடும்போது சக்கரம் தானே நேராக நிற்க முயல்கிறது. வண்டியிலும் அவ்வாறே. இதனைக் கேஸ்டர் என்பர். சாய்வு குறைந்தால் வண்டி அலையும். மிகுந்தால் திருப்புவது கடினமாகும். கை வலிமையால் மட்டுமே திருப்பிய பழைய வண்டிகளில் இது சிறிதாகவே இருந்தது. விசை உதவி பெற்ற வண்டிகளுக்கு மிகுதியாக வைக்க இயலும். அவ்வுதவியை டேவிஸ் என்னும் அமெரிக்கர் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் கருவியாக அமைத்து, 1926இல் ஒரு காரில் ஓட்டிக் காட்டினார். கிரைஸ்லர் நிறுவனம் 1951இல் அதனை விற்பனைக்குக் கொணர்ந்தது. இன்றைய கார்கள் பலவற்றில் எண்ணெய்க்கு மாறாக மின்விசைப்பொறி அப்பணியைச் செய்கிறது. கருவி நின்றுவிடினும் கையால் திருப்ப முடிய வேண்டும் என்பது இன்றும் மாறாத விதி.

இவை யாவும் கைவரினும், சட்டம் ஒன்று உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019ஆம் ஆண்டு சனவரியில் வழங்கிய தீர்ப்பில் இதனை வலியுறுத்தியது. மேலும், முதற்பதிவு செய்து 50 ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகத் தனியே பதிவு செய்வதற்கு 2021இல் விதிகள் வகுக்கப்பட்டன. பழைய வடிவம் மாறாதிருத்தலே அப்பதிவுக்கு அடிப்படை. எனவே, பழம்பெரும் வண்டி என்னும் பெயரையும் புதிய முன்பகுதியையும் ஒருங்கே பெற விழைவது பொருந்தாது. மாற்ற எண்ணுவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் இசைவை முன்னரே பெறுதல் வேண்டும்.

உண்மையில், பெரும்பாலான பழைய வண்டிகளுக்கு வேண்டுவது மாற்றம் அன்று, புதுப்பித்தலே. முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் கிங் பின்னின் தேய்மானம் தெரியும். முன்னும் பின்னும் பிடித்து அசைத்தால் தண்டு முனைகளின் தேய்மானம் தெரியும். தளர்ந்த பட்டைகளைக் கழற்றி மீண்டும் வளைவு ஏற்றி, துரு நீக்கி, இடையே கிரீஸ் பூசி அடுக்குவதனாலேயே வண்டியின் போக்கு மாறிவிடும். சென்னையின் ரானே நிறுவனம் 1960ஆம் ஆண்டையொட்டித் திருப்புத் தண்டு முனைகளைச் செய்யத் தொடங்கிற்று. ஒரகடத்தை அடுத்த வாரணவாசியிலும் அதற்கு இன்று தொழிற்சாலை உண்டு.

புதிய கிங் பின்னும் தண்டு முனைகளும் ஏறியபின் இறுதி வேலை ஒன்று எஞ்சும். முன்சக்கரங்கள் இரண்டும் முன்புறத்தில் சற்றே நெருங்கியிருத்தல் வேண்டும். பழைய வண்டிகளில் இது பெரும்பாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவே. கருவி இல்லாத பட்டறையில் தொழிலாளர் டயரைச் சுழற்றி அதன் நடுவே சுண்ணக்கட்டியால் கோடு இழுப்பர். இரு கோடுகளின் இடைவெளியை முன்னே ஒரு முறையும் பின்னே ஒரு முறையும் அளப்பர். டை ராட்டின் திருகை அதற்கேற்பச் சுழற்றுவர். பின்னர் வண்டியைக் கையால் சில அடி முன்னே தள்ளி, சக்கரங்கள் தம் இயல்பான நிலைக்கு வந்தபின், மீண்டும் ஒரு முறை அளந்து பார்த்த பிறகே திருகைப் பூட்டுவர்.